முதல் கொப்பி பழுது

"மங்கிப் போச்சு," என்று மஸாஹிர் தன் கடையின் போட்டோ கொப்பி மெஷினிலிருந்து வந்த முதல் தாளை மேசைக்கடியில் இருந்த பெட்டிக்குள் போட்டார். இரண்டாவதை மகளிடம் நீட்டினார்.

பன்னிரண்டு பக்க டியூட்டுக்கு இருபத்து நான்கு தாள். றிஸ்மியாவுக்கு எரிச்சலாக இருந்தது.

"மெஷினைத் திருத்தக் குடுங்களேன், வாப்பா."

"கடல் காத்து, மகள். ஆலங்குடாவில எந்த மெஷினும் இப்பிடித்தான்."

உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம். சனிக்கிழமைகளில் புத்தளத்துக்கு பஸ் ஏறி, இரசாயனவியல் டியூஷன் வகுப்புக்குப் போய் வாங்கி வரும், குறிப்பும் கேள்வியும் அச்சடித்த டியூட் அது. அதில் கிறுக்கிப் படிப்பாள். கடைசி நேரத்துக்கென்று சுத்தமான கொப்பி ஒன்று வேண்டும்.

பெட்டியில் சேரும் பழுதுத் தாள்கள் ஞாயிற்றுக்கிழமை ஜுனைதாவிடம் போகும். ஹுனைஸின் வடைக் கடைக்குப் பை ஒட்டிக் கொடுப்பவள் ஜுனைதா. அவளுடைய மகள் நிஸ்ரினும் றிஸ்மியாவும் ஒரே வகுப்பு, இருவரும் உயிரியல் பிரிவு. நிஸ்ரின் டியூஷனுக்குப் போவதில்லை.

றிஸ்மியாவின் உம்மா ஜெமீலா முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"அந்தப் புள்ளைக்கு டியூட் காட்டப்படாது. நம்மட மாவட்டத்தில இருந்து மெடிசினுக்கு எடுக்கிறது கொஞ்சப் பேரை. டியூட்டைக் குடுத்தா உன்ட இடத்தைக் குடுத்த மாதிரி."

நிஸ்ரின் ஒரு தரம் கேட்டாள். கொடுக்க வேண்டாமென்று டியூஷன் சேர் சொன்னதாக றிஸ்மியா ஒரு பொய் சொன்னாள். நிஸ்ரின் பிறகு கேட்கவில்லை.

டியூட் கேள்விகளுக்கு சேர் தரும் விடைத்தாள்களை மட்டும் றிஸ்மியா கடைக்கே கொண்டு வருவதில்லை. மங்கினாலும் விடை விடைதான். வடைப் பையாகி யார் கையில் போய்ச் சேருமோ.

ஒரு நாள் ஹோட்டல்காரர் ஒருவர் வெள்ளைக்காரர்களின் எட்டு பாஸ்போர்ட்டோடு வந்தார். எட்டும் முதல் தடவையிலேயே பளிச்சென்று வந்தன. றிஸ்மியா மெஷினைப் பார்த்தாள். மஸாஹிர் மின்விசிறியைப் பார்த்தார்.

அன்று பின்னேரம் அவள் ஹுனைஸின் கடையில் வடை வாங்கினாள். பை பத்திரிகைத் தாள். தொங்கிக் கொண்டிருந்த மற்றப் பைகளையும் புரட்டினாள். எல்லாம் பத்திரிகை.

டியூட் தாளில் ஒட்டிய பை இல்லையா என்று கேட்டாள்.

"நான் வடை விக்கிறன் புள்ள, கெமிஸ்ட்ரி இல்ல," என்றான் ஹுனைஸ். "ஜுனைதா ராத்தா ஒரு நாளும் பத்திரிகையைத் தவிர வேறொண்டிலயும் ஒட்டினதில்ல."

வடை ஆறுவதற்குள் றிஸ்மியா ஜுனைதாவின் வாசலில் நின்றாள்.

உள்ளே நிஸ்ரின் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வலை நூலால் தைத்த ஏழு கட்டுகள். றிஸ்மியா ஒன்றைப் பிரித்தாள். அவளுடைய டியூட்டின் எல்லாத் தாளும் பக்க ஒழுங்கில் இருந்தன. ஒரு எழுத்துக்கூட மங்கவில்லை.

நிஸ்ரின் எழுந்துவிட்டாள்.

"உன்ட வாப்பா பழுதுத் தாள் எண்டுதான் தாறார். நாங்களும் அப்பிடித்தான் வாங்குறோம்."

றிஸ்மியா அடுத்த கட்டைப் புரட்டினாள்.

"கேள்வியெல்லாம் செய்து பாக்கிறன்," என்றாள் நிஸ்ரின் மெதுவாக. "சரியா பிழையா எண்டுதான் தெரியாது."

றிஸ்மியா வடைப் பையை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். வீட்டுக்குப் போய், உம்மா குசினியில் சமைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அலுமாரியைத் திறந்தாள். அங்கிருந்து நேரே கடைக்கு.

மெஷினின் கண்ணாடி மேல் ஒரு கட்டுத் தாளை வைத்தாள்.

"இது என்ன, மகள்?"

"விடைத்தாள், வாப்பா. ஒவ்வொண்டிலயும் முதல் கொப்பியைப் பழுதாக்குங்க."