பத்தாவது புரதம்

“பத்துக்கு ஒம்போது ஒத்துப்போச்சு. இனிமே இதுக்குன்னு ஒரு ஆள் எதுக்கு?” என்றார் இயக்குநர்.

அந்த ஓர் ஆள் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆய்வுக்கூடத்தில் அவளைக் ‘கத்தரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். புரதம் என்பது ஒரு நீளச் சங்கிலி. மடிந்து சுருண்டு இரண்டு மூன்று உருண்டைகளாக நிற்கும். ஓர் உருண்டை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்து வெட்டுக்கோடு போடுவது அவள் வேலை. பதினோரு வருடமாகப் போட்ட கோடுகள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் இருக்கின்றன.

இப்போது அதற்கும் ஒரு மென்பொருள் வந்துவிட்டது. கொண்டுவந்த விற்பனையாளர் பேச்சில் மலையையே புரட்டினார். யார் தயவும் இல்லாமல் தானாகவே கற்றுக்கொண்டதாம். ஒரு புரதத்துக்கு இரண்டே விநாடியாம். அவளுக்கோ அரை நாள். பழைய புரதங்களில் பத்தை எடுத்து, அவளிடமும் கொடுத்து, மென்பொருளிலும் போட்டுப் பார்த்தார் இயக்குநர். மென்பொருள் தேறிவிட்டால் மாதக் கடைசியில் அவள் பிரிவுக்குப் பூட்டு.

பத்தாவது புரதத்தில்தான் தகராறு. அவள் 241-வது கண்ணியில் வெட்டியிருந்தாள்; மென்பொருள் 214-ல்.

மனுஷங்கன்னா தப்பு வரத்தான் செய்யும் என்று விற்பனையாளர் பெரிய மனது பண்ணினார். அவள் படத்தைத் திருப்பிக் காட்டினாள். 214 ஓர் உருண்டையின் நட்டநடுவில் கிடந்தது. அங்கே கோடு போட்டது தப்பு என்று இயக்குநருக்கே தெரிந்தது. பரவாயில்லை, ஒன்றுதானே என்றார்.

அவளோ அந்த 214-ஐயே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது. பாவம், வேலை போகிற துக்கம் என்று நினைத்து விற்பனையாளர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

“துக்கம் இல்ல சார், பெருமையா இருக்கு,” என்றாள் கத்தரி. “எம் பொண்ணு பொறந்து நான் வேலைக்குத் திரும்பின மொத நாள், தூக்கக் கலக்கத்துல 241-ஐ 214-னு தட்டிட்டேன். போன வருஷந்தான் கவனிச்சுத் திருத்தினேன்; அதுவரைக்கும் இணையத்துல 214-தான் கெடந்துச்சு. அந்த எடத்துல வெட்டணும்னு உலகத்துல வேற யாருக்கும் தோணாது. தப்பை மட்டுமா, சரியா வந்த ஒம்போதையும் உங்க மென்பொருள் என்னைப் பாத்துத்தான் எழுதியிருக்கு.”