வீடு பார்க்க வந்தவர்

“பாப்பா உளறிட்டா என்ன செய்வீங்க அண்ணி?” என்று நாத்தனார் கேட்டதிலிருந்து பாப்பாவின் அம்மா மகளுக்கு விலாசத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

இந்தத் தெருவில் குடியிருக்கிற பிள்ளைகளுக்குத்தான் அந்தப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு இடம். சரிபார்க்க ஆள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று.

“உங்க வீடு எங்க இருக்கு, கண்ணு?”

பாப்பா கதவு எண்ணையும் தெருவையும் மளமளவென்று ஒப்பித்தாள். அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“சரியான வாயாடி! லைட்டைப் போடுங்கம்மா, எழுதிக்கிறேன்.”

அம்மா எழுந்து ஒரு ஸ்விட்சைத் தட்டினாள். மின்விசிறி சுற்றியது. அடுத்ததைத் தட்டினாள். வாசல் விளக்கு எரிந்தது.

பாப்பாதான் உதவிக்கு வந்தாள்.

“ஐயோ அம்மா, அத்தை வீட்ல லைட்டு ஸ்விட்சு கதவுக்குப் பின்னாடி இருக்கு!”

வந்தவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு படியிறங்கினார்.