ஜூதிகாவின் பை

ஜூதிகா தேநீர் குடிக்க எழுந்து போனதும், அவள் தைத்த பையை என் மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

உள்மூலையில் சிவப்பு நூலில் அவள் பெயர். மூன்றே எழுத்து.

பழைய புடவைகளை அடுக்கி, காந்தா தையல் போட்டுச் செய்கிற பைகள். தைத்தவள் பெயர் இல்லாமல் எங்கள் பட்டறையிலிருந்து ஒரு பையும் வெளியே போகாது.

நார்வேயில் ஒரு கடைக்காரி. யாரையோ அடைத்துவைத்துத் தைக்கவிட்ட துணி எனக்கு வேண்டாம், தைத்தவள் பெயர் தெரிந்தால்தான் வாங்குவேன் என்பவள். நல்ல மனசுதான். ஆனால் அந்த நல்ல மனசுக்கு ஒரே ஒரு பெயர்தான் வாயில் வருமா?

"ஜூதிகா தைத்தது இன்னும் அறுபது." மாதாமாதம் கடிதம். ஜூதிகா நலமா என்று வேறு ஒரு விசாரிப்பு.

அந்தக் கடிதங்களால்தான் இப்போது தைக்க உட்காரப் பத்தாவது பாய் விரித்திருக்கிறார் பட்டறை நடத்தும் பாரதி தீதி, எங்கள் எல்லோருக்கும் அக்கா. பாய் இருந்தால்தான், எங்களையெல்லாம் வைத்து வியாபாரம் நடந்த அந்தச் சந்துக்குள் போய் இன்னொருத்தியை வெளியே கொண்டுவர முடியும். வேலை கிடைக்காதவள் ஒரே மாதத்தில் திரும்பப் போய்விடுவாள். எனக்கும் முன்பு அப்படித்தான் ஒரு பாய் கிடைத்தது. எல்லாம் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது.

என் தையல் அவளுடையதைவிட நெருக்கம். ஆனால் கடைக்காரி தன் கண்ணாடி ஜன்னலில் வைக்க ஒரு பை கேட்டபோது, தீதி எடுத்தது இதைத்தான். மதியம் பார்சல்காரர் வந்துவிடுவார்.

கத்தரி நுனியால் கடைசி எழுத்தைப் பிரித்தேன். அடுத்ததையும் பிரித்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. மூன்றெழுத்து இருந்த இடத்தில் சந்திரமல்லிகா என்ற என் பெயர் எப்படி அடங்கும்?

வீட்டில் வைத்த பெயரையும் சந்தில் வைத்த பெயரையும் வாசலிலேயே விட்டுவிட்டு, முதல் நாள் அவளவள் தனக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொள்வது இங்கே வழக்கம். பழையதை யாரும் கேட்க மாட்டோம். நான் நீளமாக வைத்துக்கொண்டேன், அழகுக்காக.

கதவு திறந்தது. தீதியுடன் ஒரு பெண். நெஞ்சோடு ஒரு துணிமூட்டை.

"என்ன பேரும்மா வச்சுக்கிறே?"

"என் சொந்தப் பேரே இருக்கட்டும் தீதி. ஜூதிகா."

எல்லோரும் சிரித்துவிட்டோம். "அது ஏற்கெனவே போயிடுச்சுடி, வேற பாரு!" என்றாள் பக்கத்துப் பாயிலிருந்த டகர்.

சிரிக்காதவள் எங்கள் ஜூதிகா மட்டும்தான். கையிலிருந்த மண்குவளை கீழே விழுந்து உடைய, ஓடிவந்து அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டாள். சந்தில் இருவருக்கும் ஒரே அறையாம். மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் ஜூதிகா மட்டும் வெளியே வந்திருக்கிறாள்.

"அது இவ பேருதான். ரயில்ல கைக்குட்டை போட்டு இடம் பிடிப்போமில்ல, அப்படிப் பிடிச்சு வச்சிருந்தேன்."

மடியிலிருந்த பையை முந்தானையால் மூடினேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "எனக்குத்தான் இப்போ பேரே இல்லை. உன் பேரு எவ்வளவு அழகு! எனக்கும் நீயே ஒண்ணு பாத்து வையேன்."

"யோசிச்சுச் சொல்றேன், இரு." என்றேன்.

புதியவளைப் பத்தாவது பாயில் உட்காரவைக்க அவள் போனாள். கீழே பார்சல்காரர் மணியடித்தார்.

ஊசியில் சிவப்பு நூல் கோத்து, பிரித்த இரண்டு எழுத்தையும் அவசரமாகத் திரும்பத் தைத்தேன்.

அவசரத்திலும், அவள் தைத்த முதல் எழுத்தைவிட அவை இரண்டும் நெருக்கமாகவே விழுந்தன.