முதல் வரிசையில் மூன்றாவது ஆள்

"இது அக்டோபர் ஒன்பதாம் தேதி எடுத்த படம்னு என்னால நம்ப முடியலை," என்று புகைப்படத்தை மேசைமேல் தள்ளிவிட்டாள் ஹைக்கே வென்ட்லர். நகர ஆவணக் காப்பகத்தின் பொறுப்பாளர் அவள். வந்தவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

டாவ்ஷர் தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எண்பத்தொன்பதில், கிழக்கு ஜெர்மனி இன்னும் இருந்த நாளில், கட்சி ஆட்சியை எதிர்த்து அந்த ஊரில் நடந்த முதல் ஊர்வலத்துக்கு இது இருபதாம் ஆண்டு. அன்று நடந்தவர்களின் பெயர்களைத் தேவாலயச் சுவரில் கல்லில் வெட்டப் போகிறார்கள். தேதி சரி என்று இவள் ஒரு கையெழுத்துப் போட்டால் டாவ்ஷரின் பெயரும் ஏறிவிடும்.

"முதல் வரிசையில மூணாவது ஆள், மெழுகுவர்த்தியோட. நான்தான்னு தெரியலையா?"

"ஆள் நீங்கதான், அதுல சந்தேகமே இல்லை. தேதிதான் இடிக்குது. அன்னைக்கு நடந்தவங்க எழுபது பேர், சுட்டுருவாங்களோன்னு நடுங்கிக்கிட்டே. நானும் நடந்தேன்னு இங்க வந்து நின்னவங்க நானூறு பேர். பெர்லின் சுவர் விழுந்தப்புறம் நவம்பர்ல மெழுகுவர்த்தி பிடிக்க என்ன தைரியம் வேணும், சார்?"

டாவ்ஷருக்குச் சுருக்கென்றது. "மணிக்கூண்டைப் பாருங்க, மேடம். அஞ்சே கால். இன்னும் வெளிச்சம் இருக்கு. நவம்பர்ல அந்நேரத்துக்குக் கும்மிருட்டு."

"அந்த வருஷம் அந்தக் கடிகாரம் பாதி நாள் நின்னுதான் கிடந்துச்சு."

"அன்னைக்கு ஓடுச்சு. அது அஞ்சே கால் அடிக்கும்போதுதான் நாங்க தேவாலயத்தை விட்டு வெளியே வந்தோம்."

"அன்னைக்குத் திங்கக்கிழமை. சாயங்காலம் பஞ்சாலையில உங்க ஷிப்ட்டாச்சே. மேற்பார்வையாளர் வேலையைப் போட்டுட்டா வந்தீங்க?"

"நாலு மணிக்கே நழுவிட்டேன். ஒருத்தருக்கும் தெரியாது."

"நல்லா இருக்கு கதை. உங்களை மாதிரி ஆளுங்க அன்னைக்குக் கட்சி ஆபீஸ் வாசல்லதான் கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க."

டாவ்ஷரின் நாக்கு நுனிவரை ஒன்று வந்தது. ஒரு கணம் அடக்கிப் பார்த்தார். ஆனால் கட்சி ஆபீஸ் என்ற வார்த்தை அவரை உட்காரவிடவில்லை. எழுந்து, படத்தில் கோபுரத்துக்குப் பின்னால் விரலால் குத்தினார்.

"இதோ கறுப்பாத் தெரியுதே, என்னன்னு நினைச்சீங்க, மேகமா? பஞ்சாலைக் கிடங்கு எரியிற புகை. அது எரிஞ்சது ஒரே ஒரு தடவைதான், அக்டோபர் ஒன்பது. போய்ப் பழைய பேப்பரைப் புரட்டிப் பாருங்க."

அவள் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து வெகுநேரம் பார்த்தாள். "புகையேதான்," என்றாள். குரலில் இருந்த முறுக்கு தளர்ந்திருந்தது. "இதை அப்படியே உங்க கைப்பட எழுதிக் குடுங்க. எங்க நின்னீங்க, எத்தனை மணி, புகை, எல்லாம்."

டாவ்ஷர் ஒரு முழுப் பக்கம் எழுதினார். அவளை மண்ணைக் கவ்வ வைத்துவிட்ட சந்தோஷத்தில் கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டார். அவள் இரண்டு முறை படித்துவிட்டு, கீழே தானும் கையெழுத்திட்டு முத்திரை குத்தினாள்.

"தேதி சரி. இனி யாரும் மறுக்க முடியாது."

"இதை முதல்லயே ஒத்துக்கிட்டிருந்தா இவ்வளவு பேச்சு தேவையா?" என்று அவர் கோட்டை எடுத்தார்.

அவள் இழுப்பறையிலிருந்து சாம்பல் நிறக் கோப்பு ஒன்றை எடுத்தாள். அதிலிருந்த பழுப்பேறிய தாளை உருவி, அவர் எழுதிய பக்கத்தின் அருகில் வைத்தாள். பஞ்சாலைக் கிடங்குக்குத் தீ வைத்ததாக ஃபோல்க்மர் என்ற தொழிலாளியை ஆறு வருடம் உள்ளே தள்ளிய வழக்கின் சாட்சி வாக்குமூலம் அது. கீழே அதே கையெழுத்து, கொஞ்சம் சின்னதாக இருந்தது.

"அன்னைக்கு அஞ்சே காலுக்கு எங்க அண்ணன் பெட்ரோல் கேனோட கிடங்குப் பின்வாசல்ல ஓடினதைக் கண்ணால பார்த்தேன்னு சொன்னீங்களே, டாவ்ஷர் சார், இந்த ஊர்வலத்துல நின்னுக்கிட்டேவா பார்த்தீங்க?"