யூரே மைக்கைப் பிடித்தார்

“பந்தயக் குதிரையோட இதயத்தையும் ஒரே நிமிஷத்துல ஆமை மாதிரி நடக்க வைப்பேன், மகளே!” என்றார் யூரே.

ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கன் மருத்துவமனையில், காலையிலிருந்து ஸ்கேன் எடுத்து நின்று கால் கடுத்துப்போயிருந்த பிரான்வின், திரையைப் பார்த்தாள். உள்ளே ஸ்கேன் மேசையில் படுத்திருந்த யூரேயின் மனைவி டானிட்சாவின் இதயத் துடிப்பு தொண்ணூற்றிரண்டு. மாத்திரைக்கும் மசியவில்லை. இந்த ஓட்டத்தில் எடுத்தால் இதயக் குழாய்களின் படம் கலங்கலாகத்தான் விழும். அப்புறம் அடிலெய்டுக்குப் போய், மணிக்கட்டு வழியே குழாய் விட்டுத்தான் பார்க்க வேண்டும். அதை நினைத்தே டானிட்சாவுக்குப் படபடப்பு.

“மாத்திரையே தோத்துடுச்சு, பெரியவரே. போய் உக்காருங்க.”

“அவகிட்ட உள்ளே பேசுற அந்த மைக்கைக் குடு!”

மல்லுக்கட்டத் தெம்பில்லாமல் கொடுத்தாள்.

“டானிட்சா, அந்தச் சூரை மீன் நம்ம படகையே கங்காரு தீவு வரைக்கும் இழுத்துட்டுப் போச்சே...” என்று ஆரம்பித்தார்.

எண்பது. எழுபது. ஐம்பத்தெட்டு! பிரான்வின் மூச்சை அடக்கச் சொல்லிப் பொத்தானை அமுக்கினாள். படம் கண்ணாடிபோல் விழுந்தது.

உள்ளே ஓடினாள். “என்ன பாசம்மா! அவர் குரல் கேட்டதும் மனசு அடங்கிடுச்சே!”

டானிட்சா கொட்டாவி விட்டாள். “பாசமாவது! நாப்பது வருஷமா அதே மீன். அவர் ஆரம்பிச்சாலே எனக்குக் கண்ணு சொக்கிடும். அவர்கிட்ட சொல்லிடாதே, தாயி.”

வாசலில் யூரே நெஞ்சை நிமிர்த்தி நின்றார். “என்ன மகளே, இப்பவாவது நம்புறியா?”

“நம்புறேன், பெரியவரே. நீங்க பேசினீங்க, இதயம் அடங்குச்சு. என் கண்ணால பார்த்தேன்.”