பச்சைப் புள்ளி

'ஆத்துல இருக்கியா?' என்று கௌஷிக்கிடமிருந்து மெசேஜ் வந்தது.

'இருக்கேன்' என்று பதில் போனது.

மடியில் இருந்த லாப்டாப்பில் பச்சைப் புள்ளி ஒருதரம் மினுக்கி அடங்கியது. மஹதி மூச்சை விட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேள்விதான். பேகம்பேட் ஆபீசில் கௌஷிக்குக்கு வேலை ஓடுகிறதோ இல்லையோ, மனைவியைக் கேட்கும் இது மட்டும் தவறாது. அவள் போன் எங்கே இருக்கிறது என்று அவன் போனில் தெரியும். அவனிடம் சொல்லாமல் அது மாரெட்பள்ளி ஃப்ளாட்டை விட்டு நகரக் கூடாது. கேட்டால் உடனே பதில் வர வேண்டும்.

ஒருமுறை தலைக்குக் குளித்துக்கொண்டிருந்ததில் பதில் போகவில்லை. அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து நின்றான். ஈரத் தலையைப் பார்த்த பிறகும் நம்பவில்லை. இரவெல்லாம் ஒரே பாட்டு: யாரோட பேசிண்டிருந்தே? அன்றிலிருந்து குளியலறைக்கும் போன் கூடவே போனது.

வேடிக்கை என்னவென்றால், மஹதிக்குச் சம்பளம் வருவதே இப்படிக் கண்காணிப்பதற்குத்தான். அவள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் கம்பெனி, தன் புரோகிராம்களைத் தனித்தனி கன்டெய்னரில் போட்டு ஓட விடுகிறது. பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாற்போல. அவற்றைப் படமாகக் காட்ட கிராஃபனா என்று ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்; யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். திரையில் ஒவ்வொரு பெட்டியும் ஒரு புள்ளி. பெட்டிக்கு அடிக்கடி ஒரு கேள்வி போகும்: இருக்கிறாயா? இருக்கிறேன் என்றால் பச்சை. பதில் இல்லையென்றால் மஞ்சள். அப்புறமும் பேசாவிட்டால் பெட்டிகளை ஓட்டும் சர்வரே அந்தப் பெட்டியைக் கொன்றுவிட்டுப் புதிதாக ஒன்றை எழுப்பிவிடும்.

கம்பெனியில் இதற்கு ஹெல்த் செக் என்று பெயர். கௌஷிக் அன்பு என்பான்.

சில பெட்டிகள் மகா கள்ளம். உள்ளே எல்லா வேலையும் நின்றுபோயிருக்கும். கேட்டால் மட்டும் இருக்கிறேன் என்று சொல்லும். திரை பச்சையாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. மஹதிக்கு அந்தப் பெட்டிகள்மேல் ஏனோ கோபமே வந்ததில்லை.

'சாப்ட்டாச்சா?'

'ஆச்சு.' பச்சை.

'அங்க மழை பெய்யறதா?'

பதில் போகவில்லை.

புள்ளி மஞ்சளானது. இப்படி ஒரு கேள்வியை அவன் கேட்டதே இல்லை. பதில் தாமதமானால் அடுத்து போன் அடிப்பான். அதையும் எடுக்காவிட்டால் கிளம்பி வந்துவிடுவான்.

ஜன்னல் வழியே பார்த்தாள். சுள்ளென்று வெயில். 'இல்லை' என்று தட்டினாள்.

அனுப்பப் போன விரல் நின்றுவிட்டது.

இது காஜிப்பேட்டை வெயில்.

"பல்லீ, பட்டாணி!" என்று தெலுங்கில் வேர்க்கடலை கூவி விற்றுக்கொண்டே ஒருவன் ரயிலின் நடைவழியில் அவளைத் தாண்டிப் போனான்.

அவள் போன் இரண்டு மணி நேரத் தொலைவில், மாரெட்பள்ளியில், சாப்பாட்டு மேசைமேல், பழைய லாப்டாப்போடு இணைந்து கிடந்தது. காலையிலிருந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தது அந்த லாப்டாப்பில் அவள் எழுதி வைத்த புரோகிராம். அதற்கென்று ஒரு கன்டெய்னர்; அதன் புள்ளியும் அவன் மெசேஜும்தான் இப்போது மடியில் இருந்த திரையில் தெரிந்தன. கௌஷிக் வழக்கமாகக் கேட்கும் எல்லாவற்றுக்கும் அதனிடம் பதில் இருந்தது. மழைக்கு மட்டும் இல்லை. விஜயவாடா போய்விட்டால் போதும், தங்கை ரமா ஸ்டேஷனில் நிற்பாள். அதுவரை இந்தப் புள்ளி பச்சையாக இருக்க வேண்டும்.

மாரெட்பள்ளியில் மழையா? வானிலை ஆப்பைத் திறந்தாள். மழை வரலாம் என்றது. வரலாமாம்.

'இல்லை'யை அழித்தாள். 'கொடியிலேருந்து துணி எடுத்துண்டிருக்கேன்' என்று இங்கிருந்தே அனுப்பினாள்.

புள்ளி பச்சைக்குத் திரும்பியது.

'கிளம்பிட்டேன். சூடா பஜ்ஜி போட்டு வை.'

அவள் விரலை அசைப்பதற்குள் பதில் போய்விட்டது. 'சரி.' எதைச் செய்யச் சொன்னாலும் சரி என்று சொல்ல அவள்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

ரயில் காஜிப்பேட்டையை விட்டு நகர்ந்தது. இனி அவன் பறந்து வந்தாலும் பிடிக்க முடியாது.

இங்கிருந்தே ஒரு வரி தட்டினால் அந்தப் பெட்டி நின்றுவிடும். மஹதி தட்டவில்லை.

அவன் கதவைத் திறப்பான். அறை அறையாகத் தேடுவான். எப்படியும் தன் போனை எடுத்துக் கேட்பான்: 'எங்க இருக்கே?'

அவன் கண்ணெதிரே, மேசைமேல், அவள் போன் வெளிச்சம் போட்டுப் பதில் சொல்லும்.

'ஆத்துலதான் இருக்கேன்.'