மைக் திருத்திய வரலாறு

மற்ற கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளாத சேரிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கல்லூரிக்கு நூற்றைம்பதாம் ஆண்டு விழா. வீட்டின் முதல் பட்டதாரியான அஞ்சுகம் பேச எழுந்தாள். யார் மனமும் புண்படாதபடி பேச்சைத் திருத்தி ஒலிக்கும் புது மைக்கை அவள்முன் வைத்திருந்தார்கள்.

“எங்களை வாசலிலேயே விரட்டினார்கள்” என்றாள்.

“எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள்” என்றது மைக். அரங்கம் கைதட்டியது.

“நிறுத்துங்கய்யா இந்தக் கருமத்தை!”

“தொடருங்கள் ஐயா, இந்த நற்பணியை!”

கல்லூரி முதல்வர் ஓடிவந்து, “அப்படியே நன்றி சொல்லி முடிச்சுடும்மா. அமைச்சருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு” என்று கிசுகிசுத்தார்.

“இதை நீங்களே வச்சுக்குங்க சார்” என்று மைக்கை அணைத்து அவர் கையில் திணித்தாள். அம்மாவோடு தெருத்தெருவாக மீன் கூவி விற்ற தொண்டை அது. முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். அமைச்சர், கழற்றிவிட்ட செருப்பை மேசைக்கடியில் காலால் துழாவத் தொடங்கினார்.